மைனஸ் இருபத்து நான்கு

1

இந்தக் கதையை ஒரு பெண்ணின் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் திருடினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்கு அசிங்கம்.

ஹேசல்டன் ஊரில், பரிசோதனைக் கூடம் ஒன்றில், பத்தொன்பது வருஷமாகக் காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை ஊசி குத்துகிறேன். ஊசி உள்ளே போகும்போது ஜனங்கள் ஒன்று கூரையைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் பேசுவார்கள். கூரையைப் பார்ப்பவர்களால் எழுத்தாளனுக்குப் பிரயோஜனம் இல்லை. வெர்னா யுராசெக் பேசுகிற ரகம்.

"பிரஷர் ஏறியிருக்குன்னு டாக்டர் சொல்றார். ஏறாம என்ன செய்யும் கண்ணு? என் புருஷன் மசாலா டப்பாவையெல்லாம் எழுத்து வரிசையில அடுக்கி வச்சிருக்கான். நாப்பத்திரண்டு வருஷமா உப்பு இருந்த இடத்துல இப்ப பட்டை இருக்கு. நான் பட்டையைக் கிறிஸ்துமஸுக்குத்தான் எடுப்பேன்."

பட்டையில் தொடங்கிய பேச்சு பில்லியர்ட்ஸ் குச்சியில் போய் நின்றது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

வெர்னா குச்சியைக் கையில் எடுத்த அந்தக் கணத்தில் அவளுடைய வாழ்க்கை

அடித்துவிட்டேன். வாழ்க்கை ஒன்றும் ஆகவில்லை. குச்சியை எடுத்தாள், தலைகீழாகப் பிடித்தாள், ஆடக் கற்றுக்கொடுக்கிற கார்மெல் அதைத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டாவது:

பச்சைத் துணி போர்த்திய மேசையின்மேல் பதினைந்து பந்துகள் பதினைந்து கோள்களைப் போல

இதை எழுதியவன் யாரென்றே எனக்குத் தெரியாது.

மூன்றாவது: எமில் ஹூடாக் செத்துப்போனான்.

இது பரவாயில்லை. எமில் செத்துப்போனதால்தான் இவ்வளவும்.

2

எமில் மார்ச் மாதம் இறந்தான். மளிகைக் கடை வாசலில், வண்டியின் டிக்கியைத் திறந்து வைத்தபடி. வயது எழுபத்தொன்று. அவனுக்கும் வெர்னாவின் கணவர் கிளெம்முக்கும் இருபத்தாறு வருஷப் பழக்கம். பழக்கம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: சனிக்கிழமை மதியம், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ரோசாட்டோ பூல் கூடத்தில், ஐந்தாம் மேசையில், ஸ்ட்ரெய்ட் பூல் என்கிற பில்லியர்ட்ஸ் வகைப் பந்தாட்டம். நூறு புள்ளிக்கு ஓர் ஆட்டம். மற்றபடி ஒருவர் வீட்டில் ஒருவர் காப்பிகூடக் குடித்ததில்லை.

அடக்கம் முடிந்து வந்த கிளெம், தன் குச்சியைத் தோலுறையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார். பிறகு சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

(கிளெம்முக்கு 'அவர்', வெர்னாவுக்கு 'அவள்' என்று ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு போனேன். நம் மொழியில் புருஷன் பெண்டாட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வினைமுற்றே ஒரு கட்சியில் சேர்ந்துகொள்கிறது. வெர்னாவுக்கு இது தெரிந்தால் ஊசியைப் பிடுங்கி என்னைக் குத்துவாள். ஆகவே இனி அவன், அவள். கிளெம்முக்கு வயது அறுபத்தேழு. வருத்தப்பட மாட்டான், அவனுக்குத் தமிழ் தெரியாது.)

கிளெம் அட்டைப்பெட்டி ஆலையில் முப்பத்துநாலு வருஷம் தர ஆய்வாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கோணல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன். (கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது, இல்லையா? சந்தேகப்பட்டு அவனை ஒரு வரைவில் வெல்டர் ஆக்கினேன். ஆனால் ஆய்வாளன்தான் உண்மை. உண்மை சில சமயம் மட்டமான எழுத்தாளனைப் போல நடந்துகொள்கிறது.) இப்போது அவனுக்கு ஆராய ஆலை இல்லை, எமிலும் இல்லை. வெர்னா இருந்தாள்.

மே மாதத்தில் ஒரு நாள் அவள் மதியச் சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பெருசாவா வெட்டுவ?"

"நாப்பத்திரண்டு வருஷமா இப்படித்தான் வெட்டுறேன். நீயும் தின்னுட்டுத்தான் இருக்க."

"தின்னேன். நல்லாருக்குன்னு சொன்னேனா?"

வெர்னா அடுத்த துண்டை இன்னும் பெரிதாக வெட்டினாள்.

"எமில் டப்பாவுல கொண்டு வருவான். அவன் பொண்டாட்டி பொடிசா வெட்டியிருப்பா. வெண்ணெய் உள்ள வரைக்கும் இறங்கியிருக்கும்."

பேசும்போது கையில் கத்தி இருக்க வேண்டாம் என்று வெர்னா அதைக் கீழே வைத்தாள்.

"நீ போய் ஆடு, கிளெம்."

"யாரோட?"

"யாரோடயாவது."

"யாரோடயாவது ஆடுற ஆட்டமில்ல அது."

3

அந்த மாடிப்படியில் வெர்னா அதுவரை ஏறியதில்லை. மேலே ஒன்பது மேசைகள், சுவரோரம் உயரமான நாற்காலிகள், கல்லாவுக்குப் பின்னால் கார்மெல் ரோசாட்டோ. எழுபது வயது. கணவன் போன பிறகு கூடத்தைத் தனியாக நடத்துகிறாள்.

"என் புருஷனுக்கு ஒரு ஆள் வேணும்" என்றாள் வெர்னா.

"எனக்கும்தான் வேணும். வரிசையில நில்லு."

"ஸ்ட்ரெய்ட் பூல் ஆட."

"ஓ, கிளெம் சம்சாரமா நீ." கார்மெல் துணியை மடித்து வைத்தாள். "அதுக்கு ஆள் கிடைக்காது. இப்ப எல்லாரும் ஒன்பது பந்து ஆட்டம். அஞ்சு நிமிஷத்துல முடியும், ஜெயிச்சவன் கத்துவான், தோத்தவன் போனைப் பாப்பான். ஸ்ட்ரெய்ட் பூல் தெரிஞ்சவங்க பாதிப் பேர் ரிட்டயராகி ஃப்ளோரிடாவுல, மீதிப் பேர் கல்லறையில."

இருந்தாலும் அறிவிப்புப் பலகையில் வெர்னா ஒரு சீட்டு ஒட்டினாள்: ஸ்ட்ரெய்ட் பூல் ஆடத் துணை தேவை. சனிக்கிழமை மதியம். பொறுமைசாலியாக இருத்தல் அவசியம். ஒருவன் வந்தான். கிளெம்மைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள். நாற்பது நிமிஷத்தில் திரும்பி வந்து சமையலறையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன ஆச்சு?"

"அவன் மூக்கால மூச்சு விடுறான்."

"மத்தவங்க காதாலயா விடுறாங்க?"

"எமில் மூச்சு விடுறதே தெரியாது."

'இப்போது சுத்தமாகத் தெரியாது' என்று வெர்னாவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை திரும்பவும் படியேறிப் போனாள். கார்மெல் தலை நிமிர்வதற்குள் சொன்னாள்: "எனக்குக் கத்துக்குடு."

"ஆட்டத்து மேல ஆசையா?"

"சமையலறை மேல ஆசை. அவனை அங்கேருந்து கெளப்பணும்."

3 (மறுபடியும்)

விதிகளைச் சொல்லியாக வேண்டும். மூன்று வரைவுகளில் சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண் போட்ட பதினைந்து பந்து, ஒரு வெள்ளைப் பந்து, ஆறு குழி. வெள்ளையால் அடித்து எந்தப் பந்தை வேண்டுமானாலும் தள்ளலாம். கேரம் மாதிரி கறுப்பு உனக்கு, வெள்ளை எனக்கு என்கிற பாகப்பிரிவினை கிடையாது. ஆனால் அடிப்பதற்கு முன்னால் எந்தப் பந்து, எந்தக் குழி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னது விழுந்தால் ஒரு புள்ளி, மேலே ஆடலாம். அதிர்ஷ்டத்தில் வேறொன்று விழுந்தால் அது சேர்த்தி இல்லை. பதினாலு பந்து விழுந்ததும் திரும்ப அடுக்கிக்கொண்டு தொடரலாம். தவறும் வரை ஆட்டம் ஒருவருடையது. நன்றாக ஆடுகிறவன் அரைமணி நேரம் ஆடுவான். எதிராளி அந்த அரைமணி நேரமும் நாற்காலியில் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

குற்றம் செய்தால் புள்ளி குறையும். பூஜ்யத்தோடு நிற்காது. கீழேயும் போகும்.*

* இந்த விதியைக் கண்டுபிடித்தவன் கல்யாணமானவன் என்று கார்மெல் சொல்கிறாள். ஆதாரம் கேட்டேன். முறைத்தாள்.

4

ஆட்டத்தின் முதல் அடியில், முக்கோணமாக அடுக்கிய கட்டிலிருந்து இரண்டு பந்துகளாவது கிளம்பி மேசை விளிம்பைத் தொட வேண்டும். வெள்ளையும் தொட வேண்டும். இல்லையென்றால் மைனஸ் இரண்டு, திரும்ப அடி.

வெர்னா அடித்தாள். பந்துகள் தூக்கத்தில் புரண்டு படுப்பது போல லேசாக அசைந்து நின்றன. மைனஸ் இரண்டு. மறுபடி அடித்தாள். குச்சி வழுக்கி வெள்ளையின் கன்னத்தில் உரசியது. மைனஸ் நாலு. மூன்றாவது அடியைப் பற்றிப் பேச வெர்னாவுக்கு இன்றும் விருப்பமில்லை. மைனஸ் ஆறு.

நாலாவதில் கட்டு உடைந்தது. பிறகு வரிசையாக மூன்று முறை அவள் ஆடினாள். முதல் முறை வெள்ளை நேராகப் போய்க் குழிக்குள் விழுந்தது. இரண்டாம் முறை பதினைந்து பந்துகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. மூன்றாம் முறை மேசையை விட்டு எழும்பி, கார்மெலின் காப்பிக் கோப்பைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து உருண்டது. குற்றத்துக்கு ஒன்று வீதம் மூன்று. தொடர்ந்து மூன்று குற்றம் செய்ததற்குத் தனியாகப் பதினைந்து.

"மொத்தம் எவ்வளவு?"

"மைனஸ் இருபத்து நாலு."

"நான் இன்னும் ஒண்ணும் செய்யவே இல்லையே, கார்மெல்."

"ஒண்ணும் செய்யாம இருந்திருந்தா பூஜ்யம்."

மேசைக்கு மேலே கம்பியில் மரமணிகள் கோத்திருக்கும். ஒரு புள்ளிக்கு ஒரு மணி என்று குச்சியால் தள்ளிவிடுவார்கள். பூஜ்யத்துக்குக் கீழே எண்ண அதில் மணி கிடையாது. கார்மெல் உள்ளே போய் நாலு துணிக்கிளிப்பும் ஒரு கைப்பிடி பேப்பர் கிளிப்பும் கொண்டுவந்து கம்பியின் இந்தப் பக்கம் மாட்டினாள். பக்கத்து மேசைக்காரன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்னா எரிச்சலில் வெந்தாள். சட்டைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் துணி வெட்டியவள் அவள். நாற்பது அடுக்குத் துணியை ஒரே இழுப்பில், சாக்கட்டிக் கோடு பிசகாமல் வெட்டிய கை. அந்தக் கையால் ஒரு பந்தை ஒரு முழம் நேராகத் தள்ள முடியவில்லை. துணி சொன்ன பேச்சுக் கேட்கும். பந்துக்குக் காது இல்லை.

செவ்வாயும் வியாழனும் காலையில் போனாள். கிளெம்மிடம், தேவாலயத்தில் விற்பனைக்குப் பியரோகி என்கிற கொழுக்கட்டை பிடிக்கப் போவதாகச் சொல்லிவைத்தாள்.

"பியரோகி பிடிக்கிறவ விரல்ல நீல மாவு எப்படி வந்துச்சு?" என்றான் கிளெம், மூன்றாவது வாரம்.

"புளூபெரிப் பூரணம்."

குச்சி நுனியில் தேய்க்கிற நீலச் சாக்கட்டியை நாற்பது வருஷம் கையாண்டவன் அவன். செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

5

(இந்த இடத்தில் ஒரு பகுதி இருந்தது. வெர்னாவுக்கு மெல்ல மெல்ல ஆட்டத்தின் அழகு பிடிபடுவது, பந்து குழியில் விழும் சத்தத்தில் மனம் லயிப்பது, மௌனம் பற்றி ஒன்றரைப் பக்கம். பெருமையோடு அவளிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். "நான் அப்படியெல்லாம் நெனைக்கல கண்ணு. முட்டி வலிக்குதுன்னு நெனச்சேன்" என்றாள். எடுத்துவிட்டேன்.)

6

ஜூன் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, வெர்னாவின் ஆட்டம் முடிந்தபோது கம்பியில் கிளிப் எதுவும் இல்லை. மூன்று மரமணிகள் இருந்தன. பிளஸ் மூன்று. கார்மெல் இரண்டு காப்பி ஊற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்படியே போனா வருஷக் கடைசியில எமில் மாதிரி ஆடுவ" என்றாள். அது கேலி.

"எமிலைத்தான் கிளெம் வாராவாரம் ஜெயிப்பானே."

"யாரு?"

"கிளெம்."

கார்மெல் சிரிக்கத் தொடங்கி, அது இருமலாகி, கோப்பையைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. வெர்னாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை ஜெயிப்பான், வெர்னா. எமிலுக்கு ஜலதோஷம் புடிச்சிருந்தா."

வெர்னா படியிறங்கி வந்து வண்டியில் உட்கார்ந்தாள். சாவியைப் போடவில்லை. இருபத்தாறு வருஷம், சனிக்கிழமை சாயங்காலம், கிளெம் கதவைத் திறந்துகொண்டு வந்து சொல்கிற முதல் சொல் "ஜெயிச்சேன்" என்பதுதான். ஜெயித்துவிட்டு வருகிறவனுக்காக அவள் மூலைக்கடையில் ஒரு தட்டுப் பிட்சா வாங்கி வைத்திருப்பாள்.

முதலில் கோபம் வந்தது. அடுத்த தடவை அவன் முட்டைக்கோஸைப் பற்றி வாயைத் திறந்தால் இதை எடுத்து முகத்தில் வீச வேண்டும் என்று நினைத்தாள். அவன் அன்று சாயங்காலமே வாயைத் திறந்தான். அவள் வீசவில்லை. ஏன் என்று கேட்டேன். "தெரியல. வீசுனா தீந்துபோயிடும்ல" என்றாள்.

7

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை அவள் கட்டிலுக்கடியில் குனிந்து கிளெம்மின் குச்சியை இழுத்தாள். தூசியைத் தட்டிச் சமையல் மேசைமேல் வைத்தாள்.

"வா."

"எங்க?"

"புளூபெரி பறிக்க."

கிளெம் வந்தான். ஐந்தாம் மேசையைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு அவன் என்ன செய்தான் என்று நினைக்கிறீர்கள்? ஆய்வு செய்தான்.

"முழங்கையை இறக்கு. இவ்வளவு இறுக்கமாப் புடிக்காத, அது கோழிக் கழுத்து இல்ல. காலைச் சேத்து வைக்காத. பந்தைப் பாரு, குச்சியைப் பாக்காத."

வெர்னா பிளஸ் மூன்று எடுத்தவள். அன்று மைனஸ் ஏழில் நின்றாள். அடிக்கக் குனிகிறபோதெல்லாம் பின்னாலிருந்து ஒரு குரல். எட்டாவது தடவை நிமிர்ந்துவிட்டாள்.

"எமிலுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தியா?"

"எமிலுக்கு நான் என்னத்தைச் சொல்ல."

"ஏன்? வாராவாரம் தோத்தவன்தானே அவன்."

சொல்லிவிட்டுத் தன்னையே கடிந்துகொண்டாளாம். கிளெம் குச்சியைத் தரையில் ஊன்றி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான்.

"நான் எமிலை ஜெயிச்சதில்ல, வெர்னா. ஜெயிச்சது கொஞ்சம். வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு."

"தெரியும்."

"கார்மெல் சொன்னாளா?"

"யார் சொன்னா என்ன. எதுக்குப் பொய் சொன்ன? அதைச் சொல்லு."

கிளெம் யோசித்தான். "முதல் சனிக்கிழமை நெசமாவே ஜெயிச்சேன். வந்து சொன்னேன். நீ அவ்வளவு சந்தோஷமா ஓடிப் போய் பிட்சா வாங்கிட்டு வந்த. அடுத்த வாரம் தோத்துட்டேன்னு சொன்னா பிட்சா நின்னுடுமேன்னு."

"எனக்குப் பிட்சாவே புடிக்காது, கிளெம்."

"என்ன?"

"பாலாடைக்கட்டி வயித்துக்கு ஆகாது. நீ ஜெயிச்சுட்டு வர்றியேன்னு தின்னேன். இருபத்தாறு வருஷமா."

(இங்கே மூன்றாம் வரைவில் கிளெம்முக்குக் கண் கலங்கியிருந்தது. வெர்னாவிடம் உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டேன். "இல்ல கண்ணு. சாக்கட்டியைத் தேடிட்டிருந்தான். அது அவன் கையிலயே இருந்துச்சு.")

"உன் முறை" என்றாள் வெர்னா. "அடி. நான் அடிக்கிறப்ப வாயைத் திறந்தா இந்தக் குச்சியை ஒடிச்சிருவேன். உன் குச்சியை."

8

அதற்குப் பிறகு செவ்வாயும் வியாழனும், மதியச் சாப்பாட்டுக்கு மேல், இரண்டு பேருமாகப் போனார்கள். ஏற்பாடு இது: கிளெம் நூறு எடுப்பதற்குள் வெர்னா பதினைந்து எடுத்தால் அவள் ஜெயித்தாள்.

கதை இங்கே நன்றாக முடிந்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன். ஆனால் ஆகஸ்டில் வெர்னா பரிசோதனைக்கு வந்தபோது பிரஷர் முன்பைவிட ஏறியிருந்தது.

"இப்ப போற நாளெல்லாம் ஜெயிக்கிறான். ஜெயிக்க ஜெயிக்க மூஞ்சி தொங்குது."

இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பொய்யாக ஜெயித்தபோதாவது வீட்டுக்கு வந்து சொல்ல ஒரு ஆள் இருந்தாள். இப்போது நிஜமாகவே ஜெயிக்கிறான். தோற்றவள்தான் பக்கத்து இருக்கையில் வண்டியோட்டிக்கொண்டு வருகிறாள்.

அவனே ஒரு நாள் அவளிடம் சொன்னானாம்: "எமில்கிட்ட தோத்துட்டுப் படியிறங்குறப்ப, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு ஒண்ணு இருக்கும். அந்த வாரம் பூரா அது இருக்கும். குளிக்கிறப்ப இருக்கும், ஆலையில இருக்கும். ஜெயிச்சா என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல."

"அப்ப உன்னைத் தோக்கடிக்கணும். அவ்வளவுதானே?"

"உன்னால முடியாது."

"நீ வேணும்னே விட்டுக்குடுத்தன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே வீட்டை விட்டுப் போயிடுவேன்."

"விட்டுக்குடுத்தா அது தோல்வியே இல்லையே" என்றான் கிளெம். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

சமையலறையைத் திரும்பப் பெறத்தான் ஆட்டம் கற்க வந்தாள், இப்போது அவளும் சமையலறையில் இல்லையே என்று அவளிடம் சுட்டிக்காட்டினேன். "அது எனக்குத் தெரியாதா? நீ ஊசியைக் குத்து" என்றாள்.

9

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து நானும் அங்கே போயிருந்தேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது இந்தப் பகுதி மட்டும்தான். சுவரோரம், கிளெம்முக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

கம்பியில் கிளெம்மின் மணிகள் தொண்ணூற்றாறு. வெர்னாவின் மணிகள் பதினாலு. அவள் அதுவரை பதினொன்றைத் தாண்டியதே இல்லை. கிளெம் ஆடிக்கொண்டிருந்தான். இன்னும் நாலு. மேசையில் பந்துகள் வாகாகப் பரவிக் கிடந்தன, அவனுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

"ஆறு, மூலைக்குழி" என்றான்.

ஆறு மூலைக்குழியின் வாயில் இரண்டு பக்கமும் இடித்து, ஆடி, வெளியிலேயே நின்றுவிட்டது.

வேண்டுமென்று செய்தானா? அவன் முகத்தைப் பார்த்தேன். நடுத்தெருவில் அறை வாங்கியவன் முகம். அப்படி ஒரு முகத்தை நடித்துக் காட்டும் திறமை கிளெம்முக்குக் கிடையாது என்று எழுதப் போனேன். ஆனால் அவனுடைய 'ஜெயிச்சேன்' பொய் இருபத்தாறு வருஷம் தாக்குப்பிடித்ததே. சரி, என் அபிப்பிராயம்: அவன் நிஜமாகத்தான் தவறவிட்டான். வெர்னாவும் அவனை ஒரு முறை கூர்ந்து பார்த்துவிட்டு அதே முடிவுக்கு வந்தாள்.

கிளெம் நாற்காலிக்கு வந்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினான். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு மேசை இருக்கும் திசை தெரியும், அவ்வளவுதான்.

வெர்னா மேசையைச் சுற்றி வந்தாள். ஆறு இன்னும் குழி வாயிலேயே நின்றது, ஊதினால் விழும். ஆனால் வெள்ளைக்கும் அவளுக்கும் நடுவே பதினொன்றாம் பந்து குறுக்கே கிடந்தது. பதினொன்றுக்கு மேலாகக் கையை நீட்டி, விரல்களை உயர்த்தி ஊன்றி அடிக்க வேண்டும்.

"ஆறு, அந்த மூலை."

குனிந்தாள். கையை நீட்டினாள். அவளுடைய கம்பளிச் சட்டையின் கை லேசாகத் தளர்ந்து தொங்கியது. அது பதினொன்றின் உச்சியில் பட்டது. பந்து நகர்ந்தது. அதிகம் இல்லை, ஒரு நெல்லளவு.

கார்மெலின் கூடத்தில் உடுப்பு பட்டுப் பந்து அசைந்தாலும் குற்றம். ஒரு புள்ளி போகும், முறையும் போகும். பதினாலு பதிமூன்றாகும். கிளெம் எழுந்து வந்து மிச்ச நாலையும் போட்டு முடிப்பான்.

கார்மெல் கல்லாவில் யாருக்கோ முதுகைக் காட்டிச் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள். கிளெம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெர்னா குனிந்த நிலையிலேயே தலையைத் தூக்கினாள். கிளெம்மைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டதைப் பார்த்தாள்.

10

முடிவு, முதல் வகை: "கை பட்டுடுச்சு" என்கிறாள் வெர்னா. கிளெம் நாலு பந்தையும் போட்டு நூறு எடுக்கிறான். படியிறங்கும்போது அவன் மூஞ்சி தொங்கிப் போயிருக்கிறது. பொய் இல்லாத வீடு, சந்தோஷமும் இல்லாத வீடு. வாசகர்கள் இதை மெச்சுவார்கள். மெச்சிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாம் வகை: அவள் வாயைத் திறக்காமல் அடிக்கிறாள். ஆறு விழுகிறது. கிளெம் தோற்கிறான். ஒரு வாரம் பூரா அவனுக்கு அந்த 'அடுத்த தடவை பாத்துக்கலாம்' இருக்கிறது, குளிக்கும்போதும் இருக்கிறது. அவன் சந்தோஷத்துக்காக இப்போது அவள் ஒரு பொய்யைச் சுமக்கிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகமாகவும் இருந்தது.

மூன்றாம் வகை: கிளெம் கண்ணாடித் துணியின் ஓரமாகப் பார்த்துவிடுகிறான், ஆனால் பேசாமல் இருக்கிறான். இதை எழுதி நாலு நாள் வைத்திருந்தேன். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு நெல்லளவு எங்கே தெரியப் போகிறது? கதாசிரியன் செய்கிற தகிடுதத்தம் இது. கிழித்துப் போட்டேன்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு நாற்காலி தள்ளித்தானே இருந்தேன். அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை என்பதை மட்டும் என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் வெர்னா வந்தாள். கையை நீட்டினாள். பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு ஆட்டத்தையும் எழுதுறியாமே. கார்மெல் சொன்னா."

"ஆமா. உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா விட்டுடுறேன்."

"அதையும் எழுதுவியா?"

எதை என்று நான் கேட்கவில்லை.

"எழுதிக்கோ" என்றாள். "கை பட்டது வரைக்கும் எழுது. அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சேன்னு எழுதாத."

"கதைன்னா முடிவு கேப்பாங்க. திட்டுவாங்க."

"திட்டட்டுமே. நான் குனிஞ்சேன், முட்டி வலிச்சுது, கை பட்டுச்சு. அதுக்கு மேலயும் நானே செய்யணுமா? படிக்கிறவங்களுக்கும் கையில்லையா? அவங்க புருஷன் ஒருத்தன் அங்க உக்காந்திருப்பான்ல. இல்ல பொண்டாட்டி. இல்ல யாரோ. அவங்களே வந்து குனியட்டும். என்ன செய்றாங்கன்னு நானும் பாக்குறேன்."

ஊசி போட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஆகவே நான் இங்கே விலகிக்கொள்கிறேன். ஐந்தாம் மேசையில் இப்போது குனிந்திருப்பது நீங்கள். பந்து நகர்ந்துவிட்டது. பார்த்தது நான் ஒருவன்தான், நான் சொல்லப் போவதில்லை. அங்கே நாற்காலியில் உங்கள் ஆள் கண்ணாடியைத் துடைத்து முடிக்கப் போகிறார்.